திரும்பக் கொக்கியில் மாட்டிய பேன்ட்

பனிச்சறுக்கு உடை விற்கும் கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, "நீ பனியைப் பார்த்திருக்கியா?" என்று முதல் வாரத்திலேயே உங்களிடம் யாராவது கேட்டிருப்பார்கள். என்னிடமும் கேட்டார்கள். புதுக்கோட்டை மாவட்டத்துக்காரன் பனியை எங்கே பார்ப்பது? "பார்த்ததில்லை சார், ஆனா பத்து வருஷம் அதுக்குள்ளேயே டூட்டி பார்த்திருக்கேன்" என்பேன். கேட்டவர் சிரிப்பார். சிரித்தவர் வாங்காமல் போனதில்லை.

நான் சொன்னது பொய்யும் இல்லை. ஷார்ஜாவில் இறாலும் இறைச்சியும் வைக்கிற ஒரு கோல்ட் ஸ்டோரில் பத்து வருடம் பெட்டி தூக்கினேன். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும், உள்ளே மூச்சு மீசையில் உறையும். இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் துபாயில் ஒரு மாலுக்குள் பனி மைதானம் கட்டித் திறந்தபோது, அதை ஒட்டி உடைக் கடை போட்ட முதலாளி, குளிர் உடை தெரிந்த ஆள் வேண்டும் என்று தேடி என்னை ஸ்டோர்மேனாக எடுத்தார். ஒரு வருடத்தில் நான் விற்பனைக்கு வந்துவிட்டேன். டை கட்டினேன். பேச்சும் மாறியது.

எனக்கென்று ஒரு பரீட்சை வைத்திருந்தேன். புதுச் சரக்கு எது வந்தாலும் அதைப் போட்டுக்கொண்டு பனி மைதானத்துக்குள் போய் இருபது நிமிடம் பனியில் உட்காருவேன். பின்புறம் சில்லிடவில்லை என்றால் சரக்கு தேறிவிட்டது. தேறாத எதையும் யாருக்கும் சிபாரிசு செய்ததில்லை. அதில் எனக்கு நேர்மையும் இருந்தது, திமிரும் இருந்தது. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் திமிர்தான் முந்திக்கொண்டு பேசும் என்று எனக்கு அப்போது தெரியாது.

ஒரு பிப்ரவரி மாத வியாழக்கிழமை ரவிச்சந்திரன் என்பவர் கடைக்கு வந்தார். துபாயில் கட்டட இன்ஜினியர், திருச்சிப் பக்கம். தமிழ் முகத்தைப் பார்த்ததும் நேராக என்னிடம் வந்து, மடித்து வைத்திருந்த ஒரு தாளை நீட்டினார்.

"அண்ணா, இந்த லிஸ்ட்ல எல்லாம் வாங்கிட்டேன். ஷெல் பேன்ட் மட்டும்தான் பாக்கி. வாட்டர் ப்ரூஃப். ரெண்டு வேணும், ஒண்ணு என் ஃப்ரெண்டுக்கு."

நண்பர் பெயர் பாஸ்கர். குவைத்தில் மங்காஃபில் இருக்கிறார், அவரும் இன்ஜினியர். இருவரும் ஒரே கல்லூரி, ஒரே ஹாஸ்டல் அறை. கம்பெனி டிரெய்னிங்குக்கு ஐரோப்பா போனபோது பனிச்சறுக்கு கற்றுக்கொண்டவர்கள். அங்கே மலை உச்சிவரை கம்பியில் ஓடும் நாற்காலியில் உட்கார வைத்து ஏற்றிவிடுவார்களாம், சறுக்கிக்கொண்டு இறங்கினால் போதும். உடையும் வாடகைக்குக் கிடைத்துவிடும். இந்தத் தடவை அப்படி இல்லை. அடுத்த வாரம் ஈரான் மலைக்கு, ஆள் நடமாட்டம் இல்லாத பனிக்குப் போகிறார்கள். காலில் பலகையை மாட்டிக்கொண்டு, அது வழுக்காமலிருக்க அடியில் ஒரு பட்டையை ஒட்டிக்கொண்டு, நாலைந்து மணி நேரம் தாங்களே ஏற வேண்டும். பிறகுதான் சறுக்கல். லிஸ்டை அனுப்பியவர் அங்கே கூட்டிப்போகிற வழிகாட்டி.

ஷெல் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். உள்ளே பஞ்சு கிடையாது, வெறும் மேல் உறைதான். மழையும் பனியும் உள்ளே வராது, உள்ளிருக்கிற வேர்வை ஆவி வெளியே போகும். கையில் எடுத்தால் குடைத்துணி மாதிரி இருக்கும். என் பரீட்சையில் அந்த ஷெல் பேன்ட் ஐந்து நிமிடம் தாங்கவில்லை. எழுந்து ஓடி வந்துவிட்டேன்.

"சார், இது வெறும் குடைத்துணி. மழைக்குப் போடலாம், மலைக்கு ஆகாது. குளிர் எலும்புக்குள்ள போயிடும். இதைப் பாருங்க" என்று உள்ளே கனமாகப் பஞ்சு வைத்த பேன்ட்டை எடுத்துப் போட்டேன். "இதுவும் வாட்டர் ப்ரூஃப்தான்."

"லிஸ்ட்ல ஷெல்லுன்னு போட்டிருக்கே?"

"லிஸ்ட் போட்டவருக்குக் குளிர் பழகிப்போன உடம்பு சார். நமக்கு அப்படியா? நான் பத்து வருஷம் கோல்ட் ஸ்டோர்ல இருந்தவன் சொல்றேன்."

அவர் அதைப் போட்டுக்கொண்டு பனி மைதானத்துக்குள் ஒரு நடை போய்வந்தார். "செம கதகதப்பு அண்ணா" என்று சிரித்தார். இரண்டும் விற்றாகிவிட்டது. குவைத்துக்கு ஒன்று பார்சல், மறுநாள் அங்கே போகிற ஒருவர் கையில் கொடுத்தனுப்புவதாக ஏற்பாடு.

பார்சல் கட்டுவது எங்கள் பேக்கிங் ஆள். நேபாளி, என்னைவிட நாலைந்து வயது சின்னவர். பெயரை எழுதவில்லை, எழுதினால் அவருக்குப் பிடிக்காது. கடைக்கு வரும் முன் தன் நாட்டில் மலை ஏறுகிறவர்களுக்குச் சுமை தூக்கியவர் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஒருவரும் அவரிடம் ஒன்றும் கேட்டதில்லை. அவர் டூட்டி பேக்கிங், அவ்வளவுதான். வளைகுடாவில் டூட்டிதான் ஜாதி மாதிரி, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பேச்சு இந்தியில்தான் நடக்கும், தமிழாக்கித் தருகிறேன்.

"வேலு பாய், இவங்க ஏறப் போறாங்களா, உட்காரப் போறாங்களா?"

"பனிக்குப் போறாங்க."

"ஏறுறவனுக்கு இது வேண்டாம் பாய். மெல்லிசானதைக் கொடுங்க. வேர்வை உள்ளேயே நின்னா..."

"கலாஸ், போதும். நீ பேக் பண்ணு, ஜல்தி."

அவர் பேன்ட்டை மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். டேப்பைக் கிழித்து ஒட்டினார். நான் அடுத்த வாடிக்கையாளரிடம் போய்விட்டேன்.

அடுத்த வியாழக்கிழமை, நான் முன்பு வேலை பார்த்த அதே கோல்ட் ஸ்டோருக்குப் புது ஜாக்கெட்டுகள் கொடுக்க என்னை அனுப்பினார்கள். டை கட்டிக்கொண்டு பழைய இடத்துக்குப் போவதில் ஒரு சந்தோஷம் இருக்கத்தான் செய்தது. உள்ளே பையன்கள் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். உறையும் குளிர், ஆனால் ஒருத்தனும் ஜாக்கெட்டை மூடவில்லை, எல்லோர் ஜிப்பும் தொப்புள்வரை திறந்திருந்தது. ஏன் என்று கேட்க வாயெடுத்தேன். கதவில் ஒட்டியிருந்த தாள் கண்ணில் பட்டது. தமிழிலும் கோணல்மாணலான இந்தியிலும் எழுதியிருந்தது: "தூக்கும்போது ஜிப்பைத் திற. நிற்கும்போது மூடு." அது என் கையெழுத்து.

அந்தத் தாளை நான் ஏன் ஒட்டினேன் என்று சொல்கிறேன். அரியலூர்ப் பக்கத்து ஆள் ஒருவர், வேலைக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஜாக்கெட்டை மூக்குவரை மூடிக்கொண்டு ஒரு லாரி லோடு முழுக்கத் தூக்கினார். உள்ளே வேர்வை ஊற்றியது. அப்புறம் அடுத்த லோடு வரட்டும் என்று உள்ளேயே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். அரை மணி நேரம் கழித்துப் பேச்சுக் கொடுத்தேன். வாய் குழறியது. என் பெயரை மாற்றிச் சொன்னார். நாலு பேராகத் தூக்கி வெளியே வெயிலில் போட்டோம். ஜூன் மாத வெயில், தரை சுடுகிறது, அவர் அதில் கிடந்து நடுங்குகிறார். பனியனைப் பிழிந்தால் தண்ணீர். குளிர் அவரை வெளியிலிருந்து தொடவே இல்லை, அவர் வேர்வைதான் உள்ளே குளிர்ந்து அவரைப் பிடித்தது. அவர் பிழைத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் அந்தத் தாளை எழுதி ஒட்டினேன்.

நானே எழுதியதை நானே மறந்திருக்கிறேன். பெட்டி தூக்குவதை விட்டு டை கட்டியவுடன், பெட்டி தூக்கியபோது தெரிந்ததெல்லாம் உதிர்ந்துவிட்டது. பனியில் உட்கார்ந்து பார்த்தேனே தவிர, ஒரு தடவைகூட ஏறிப் பார்க்கவில்லை.

கடைக்குத் திரும்பியதும் நேராகப் பேக்கிங் அறைக்குப் போனேன்.

"பாய், போன வாரம் என்னமோ சொன்னியே, அதைத் திரும்பச் சொல்லு."

அவர் கையிலிருந்த அட்டைப்பெட்டியை வைத்தார். "ஏறும்போது மெல்லிசு. நிற்கும்போது பையிலேயிருந்து கனமானதை எடுத்து மேல போட்டுக்கணும். பஞ்சுக்குள்ள வேர்வை போயிட்டா மலையில காயாது, உறையும். எங்க ஊர்ல இது எல்லாருக்கும் தெரியும்."

"அன்னைக்கே அழுத்திச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன் பாய். நீங்க கலாஸ்னு சொன்னீங்க."

ரவி சார் மறுநாள் சாயங்காலம் விமானம் ஏறுகிறார் என்பது எனக்குத் தெரியும். அப்போதே போன் பண்ணியிருக்க வேண்டும். பண்ணவில்லை. போனை மூன்று தடவை எடுத்தேன், வைத்தேன். நல்ல சரக்கு என்று நானே புகழ்ந்து விற்றதை நானே தப்பு என்று சொல்வதா? அந்த ராத்திரி அப்படியே போனது.

பில்லில் அவர் முகவரி இருந்தது. ஷார்ஜா முவைலாவில் எங்கள் ரூமுக்கு நாலு தெரு தள்ளித்தான். வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டு நேரில் போய்விட்டேன். அவர் மனைவி கதவைத் திறந்தார். கூடத்தில் பெட்டி பாதி கட்டியபடி கிடந்தது, மேலேயே அந்தப் பஞ்சு பேன்ட்.

"சார், இதைக் கொண்டு போகாதீங்க. நான் தப்பா கொடுத்துட்டேன்."

அவர் சிரித்தார். "என்னண்ணா, அன்னைக்குப் பத்து வருஷ சர்வீஸ்னு சொன்னீங்க?"

"அதை மறந்துட்டுத்தான் உங்களுக்கு வித்தேன். நான் சொல்றதை நம்ப வேண்டாம். இதைப் போட்டுட்டு முதுகுல பையை மாட்டி, லிஃப்ட் இல்லாம மாடி ஏறி இறங்குங்க. மூணு தடவை. அப்புறம் நீங்களே சொல்லுங்க."

அவருக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது. அவர் மனைவிதான், "விளையாட்டோ என்னமோ, ஒரு மனுஷன் லீவு நாள்ல தேடி வந்து சொல்றார்ல, போட்டுட்டு ஏறுங்க" என்று அதட்டினார். ஐந்து மாடி. முதல் தடவை பாடிக்கொண்டே ஏறினார். இரண்டாவது தடவை பாட்டு நின்றது. மூன்றாவது தடவை பாதிப் படியில் உட்கார்ந்து, பேன்ட்டின் காலை மடித்து உள் துணியைத் தொட்டுப் பார்த்தார். தொட்ட கையை என்னிடம் காட்டினார். நனைந்திருந்தது.

"இங்க வெக்கை, அங்க குளிர். இந்த அளவு வேர்க்காதுதான்" என்றேன். "ஆனா நீங்க ஏறப்போறது ஐந்து மாடி இல்ல, நாலு மணி நேரம். இந்த ஈரத்தோட மேலே காத்துல மாட்டிக்கிட்டா உயிருக்கே ஆபத்து சார். ஆள் வாய் குழறி விழறதை நான் கண்ணால பார்த்திருக்கேன்."

அவர் அதற்குமேல் சிரிக்கவில்லை. "கடை எத்தனை மணிக்குத் திறக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

இங்கே நிறுத்தியிருந்தால் இது என் பெருமைக் கதை. பல பேரிடம் பல வருடம் இதுவரைக்கும்தான் சொல்லியிருக்கிறேன். மீதியை உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து இரண்டு மணிக்குக் கடை திறக்கும். நானும் ரவி சாரும் வாசலிலேயே நின்றோம். மேனேஜர் மலையாளி, நல்ல மனிதர், ஆனால் தாள் விஷயத்தில் கறார். "டேக் வெட்டின சாதனம் திரும்ப எடுக்கணும்னா காரணம் எழுதணும் வேலு. விற்ற ஆளோட தப்புன்னுதான் எழுத முடியும். கம்ப்ளெயின்ட் உன் பேர்ல வரும், சரியா?"

"எழுதுங்க சார்" என்றேன்.

அந்தக் கடையில் ஒரு பேச்சு உண்டு. ஒரு வருடத்தில் இரண்டு புகார் விழுந்தால் வீசா புதுப்பிக்க மாட்டார்கள், ஆளை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று. எழுதிவைத்த சட்டமா என்று யாரும் கேட்டதில்லை. ஒன்று விழுந்தால் பரவாயில்லை, இரண்டு விழுந்தால் போச்சு. எனக்கு இரண்டு மாதத்தில் வீசா முடிகிறது. ஊரில் தங்கைக்கு நிச்சயம் ஆகியிருந்தது.

பேன்ட்டைத் தேர்ந்தெடுக்க நேபாளித் தோழரைப் பேக்கிங் அறையிலிருந்து கூட்டி வந்தேன். மேனேஜர் புருவத்தைத் தூக்கினார், நான் கண்டுகொள்ளவில்லை. அவர் தேர்ந்தெடுத்த விதத்தைச் சொல்ல வேண்டும், நீங்களும் அப்படியே செய்யுங்கள். அவர் துணியைத் தடவிப் பார்க்கவே இல்லை. முதலில் ரவி சாரைச் சறுக்கு பூட்ஸ் போடச் சொன்னார், கையுறையும் போடச் சொன்னார். "இப்போ பக்கத்து ஜிப்பைத் திறங்க." இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை போகிற ஜிப். முதல் பேன்ட்டில் கையுறையோடு ஜிப் பிடிபடவில்லை, உடனே அதைத் தள்ளிவிட்டார். அடுத்ததில் ஒரே இழுப்பில் திறந்தது. ஏறும்போது திறந்தால் காற்று உள்ளே போகும், வேர்வை நிற்காது. பிறகு முழங்காலை வயிறுவரை தூக்கச் சொன்னார், தரையில் குந்தச் சொன்னார். இறுக்கிப் பிடித்தது, ஒரு அளவு பெரியதை எடுத்தார். பேன்ட் காலின் அடியில் உள்ளே இன்னொரு பட்டி இருக்கிறதா, அது பூட்ஸை இறுக்கிக் கவ்வுகிறதா என்று விரலை விட்டுப் பார்த்தார். "பனி இந்த வழியாத்தான் பூட்ஸுக்குள்ள போகும்." கணுக்காலின் உள்பக்கம் தடித்த ஒட்டு இருக்கிறதா என்று பார்த்தார், பலகையின் விளிம்பு கத்தி மாதிரி அங்கேதான் கிழிக்குமாம். தையல்களை உள்பக்கம் திருப்பி, நீர் புகாமல் மேலே நாடா ஒட்டியிருக்கிறதா என்று கடைசியாகப் பார்த்தார். பத்து நிமிடம்தான். என் ஒரு வருட விற்பனையில் இதில் ஒன்றையும் நான் பார்த்ததில்லை.

"பாஸ்கருக்கும் இதே மாதிரி ஒண்ணு எடுத்துக்கறேன், அவனும் என் சைஸ்தான்" என்றார் ரவி சார். "ஆனா அவன் பிடிவாதக்காரன். நான் சொன்னா கிண்டல் பண்ணுவான். விஷயம் தெரிஞ்சவர், நீங்களே சொல்லுங்க." குவைத் எண்ணைப் போட்டுப் போனை என் கையில் கொடுத்துவிட்டு, பூட்ஸைக் கழற்ற உடை மாற்றும் அறைக்குள் போனார்.

இரண்டாவது ஷெல் பேன்ட் என் இடது கையில் இருந்தது. பேன்ட்டுக்கு ஒரு சீட்டு என்ற கணக்கில், எதிரே மேனேஜர் முதல் புகார்ச் சீட்டை எழுதி முடித்து, புத்தகத்தில் அடுத்த தாளைத் திருப்பிப் பேனாவோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். போனில் பாஸ்கர் சார் குரல் உற்சாகமாக வந்தது. பின்னால் பெட்டி இழுக்கிற சத்தம்.

"சொல்லுங்க அண்ணே, பேன்ட் சூப்பர். ரவி சொன்னான், நீங்கதான் செலக்ட் பண்ணீங்களாமே."

"சார், ஏறுறதுக்கு அதைவிட மெல்லிசு ஒண்ணு இருக்கு. ரவி சார் மாத்திக்கிட்டார். உங்களுக்கும் ஒண்ணு கொடுத்து விடட்டுமா?"

"ஏன், நீங்க குடுத்தது சரியில்லையா?"

காலையில் படிக்கட்டில் சொன்ன அதே வார்த்தைகள் வாய்வரை வந்தன. மேனேஜரின் பேனா கண்ணில் பட்டது.

"அய்யோ, அப்படியெல்லாம் இல்ல சார். அதுவும் நல்ல அயிட்டம்தான். ஏறும்போது கொஞ்சம் வேர்க்கும், அவ்வளவுதான்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "வேர்வையா? குவைத்ல எட்டு வருஷமா சைட்ல நிக்கிறவன்கிட்ட வேர்வையைப் பத்திச் சொல்றீங்களே. விடுங்கண்ணே. டாக்ஸி வந்துடுச்சு."

போனை வைத்தேன். மேனேஜர் புத்தகத்தை மூடினார். ரவி சார் வெளியே வந்து, "என்ன சொன்னான்?" என்றார்.

"வேண்டாம்னுட்டார் சார்."

"அவன் அப்படித்தான். சரி, அங்க போய்ப் பார்த்துக்கறேன்." அவருக்கு ஏர்போர்ட் போகிற அவசரம். பையை வாங்கிக்கொண்டு ஓடினார். கையிலிருந்த பேன்ட்டை நான் திரும்பக் கொக்கியில் மாட்டினேன். பேக்கிங் அறை வாசலில் நேபாளித் தோழர் நின்றிருந்தார்.

"இன்னொரு ஆளுக்கு?"

"மாஃபி, இல்லை. அவருக்கு வேண்டாமாம்."

கொக்கியையும் என்னையும் ஒரு தடவை பார்த்துவிட்டு அவர் உள்ளே போனார். நான் கேட்காமலேயே அதை ரவி சார் பைக்குள் போட்டிருக்கலாம். போட்டிருந்தால் அவர் மறுத்திருக்க மாட்டார். யோசித்தபோது அவர் டாக்ஸி போய்விட்டது. அரைக்கிணறு தாண்டினவன் கதை என்பார்களே, அது நான்தான். ஆனால் கிணற்றுக்குள் விழுந்தது நான் இல்லை.

பத்து நாள் கழித்து ரவி சார் தனியாக வந்தார். முகம் கறுத்து, உதடு வெடித்திருந்தது. மூன்றாவது நாள் ஏறிக்கொண்டிருக்கும்போது மலையில் காற்றும் ஈரப் பனியும் திடீரென்று பிடித்துக்கொண்டதாம். வழிகாட்டி அவர்களை ஒரு பாறை மறைவில் உட்கார வைத்துவிட்டு ஆள் வரச் செய்தி அனுப்பினார். வந்து சேர ஆறு மணி நேரம் ஆகியிருக்கிறது. பாஸ்கர் சாரின் பேன்ட் உள்ளே ஏற்கெனவே நனைந்திருந்தது. அந்த ஈரம் பூட்ஸுக்குள் இறங்கி, கொஞ்ச நேரத்தில் பேன்ட்டே தகரம் மாதிரி விறைத்துவிட்டது. பேச்சுக் குழறியது. ரவி சாரும் வழிகாட்டியும் அவரை நடுவில் வைத்து மாறிமாறித் தேய்த்து, அறைந்து, தூங்கவிடாமல் வைத்திருந்தார்கள். உயிர் தப்பியது. இடது காலில் மூன்று விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

"நீங்க அன்னைக்கு வீடு தேடி வரலேன்னா ரெண்டு பேருமே போயிருப்போம் அண்ணா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, உண்மையைச் சொல்லவும் இல்லை. அவர் என்னை அடித்திருந்தால் அன்றைக்கு எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நான்கு மாதம் போனது. என் வீசா புதுப்பித்து வந்தது. ஒரு நாள் மதியம், கூட்டமில்லாத நேரம், ஒருவர் கைத்தடியோடு மெதுவாக உள்ளே வந்தார். இடது காலில் அகலமான செருப்பு. குரலைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது.

"நீங்கதானே வேலு அண்ணன்? நான் பாஸ்கர். மங்காஃப்."

நாற்காலி போட்டேன். உட்காரவில்லை.

"எனக்குன்னு ஒண்ணு எடுத்து வச்சிருந்தீங்களாமே, ரவி சொன்னான். அது இருக்கா?"

இருந்தது. நான் மாட்டின கொக்கியிலேயே இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவர் அந்த ஜிப்பை இடுப்பிலிருந்து முழங்கால்வரை இறக்கினார், ஏற்றினார், மறுபடி இறக்கினார்.

"ரவிகிட்ட உயிருக்கே ஆபத்துன்னு சொல்லியிருக்கீங்க. படி ஏறவச்சுக் காட்டியிருக்கீங்க. எங்கிட்ட கொஞ்சம் வேர்க்கும்னு மட்டும் சொன்னீங்க. ஏண்ணே?"

அவர் கத்தவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"எதிர்ல மேனேஜர் புகார் புஸ்தகத்தைத் திறந்து வச்சிருந்தார் சார். ஒண்ணு எழுதியாச்சு. ரெண்டு விழுந்தா வீசா போயிடும்னு பயந்தேன். அதனாலதான் சார்."

அவர் ஜிப்பை மேலே ஏற்றி மூடினார். அப்புறம் தலையை ஆட்டினார்.

"நானும் இந்தக் 'கொஞ்சம்'ங்கிறதைச் சொல்லியிருக்கேன்" என்றார். "சைட்ல சாரம் ஆடும். நிறுத்திக் கழற்றி மாத்தினா ரெண்டு நாள் வேலை நிக்கும், மேல கேள்வி வரும். ஆளுங்களைப் பார்த்து, கொஞ்சம் ஆடும், பார்த்துப் போங்கப்பான்னு சொல்லுவேன். இதுவரைக்கும் யாரும் விழலை. அது என் சாமர்த்தியம் இல்ல."

பேன்ட்டை என்னிடம் நீட்டினார். "இதைப் பேக் பண்ணுங்க. நான் இனிமே மலை ஏறப்போறதில்ல. என் சைட் ஆபீஸ்ல மாட்டி வைக்கணும்."

பேக்கிங் அறைக்கு அனுப்பவில்லை. நானே கட்டினேன். டேப் கையில் ஒட்டிக்கொண்டு வரவில்லை, நேபாளித் தோழர் வந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். பாஸ்கர் சார் தடியை ஊன்றி, பார்சலை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார். இரண்டு கடை தாண்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு மேனேஜர் மேசைக்குப் போய் அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன். இரண்டாவது புகாரை என் கையாலேயே எழுதினேன். பொருள்: பஞ்சு வைத்த பேன்ட். விற்றவர்: வேலு. தவறு: ஏறுகிறவருக்கு உட்காருகிறவர் உடையைக் கொடுத்தது, தவறு தெரிந்த பிறகும் அதை அவரிடம் முழுதாகச் சொல்லாதது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான், தெரிந்துதான் எழுதினேன். மேனேஜர் இரண்டு தடவை வாசித்தார். கையெழுத்துப் போட்டார்.

"ரெண்டு ஆயிடுச்சு சார். அடுத்த தடவை வீசா?" என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டு கம்ப்ளெயின்ட்டுக்கு வீசா போகும்னு யார் சொன்னது? அப்படி ஒரு ரூல் இங்கே இல்லை வேலு. எங்கிட்ட ஒரு தடவை கேட்டிருக்கலாமே."

அதற்குப் பிறகும் பல வருடம் அதே கடையில் இருந்தேன். பனியில் உட்கார்ந்து பார்க்கும் பரீட்சையை விட்டுவிட்டேன். புதுச் சரக்கு வந்தால் நானும் நேபாளித் தோழரும் அதைப் போட்டுக்கொண்டு மாலின் பின்பக்கப் படிக்கட்டில் ஏறி இறங்குவோம். கடைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்டது அவருடைய கேள்வியைத்தான்: ஏறப் போறீங்களா, உட்காரப் போறீங்களா? நீங்களும் அதைக் கேளுங்கள். தப்பாக விற்றுவிட்டால் போய்ச் சொல்லுங்கள். சொல்லும்போது முதல் ஆளிடம் சொன்ன அதே வார்த்தையில் இரண்டாவது ஆளிடமும் சொல்லுங்கள். நான் இல்லாத ஒரு சட்டத்துக்குப் பயந்து ஒரு தாளைக் காப்பாற்றிக்கொண்டேன். அதற்குப் பாஸ்கர் சார் மூன்று விரலைக் கொடுத்தார்.